படகு டிரெய்லர் ஆடாமல் இருக்க

மெல்பர்ன் நெடுஞ்சாலையில் ஒருமுறை என் படகு டிரெய்லர் பாம்புபோல் நெளிந்தது. ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாவற்றையும் பின்னால் அடுக்கியிருந்தேன். பின்பாரம் கூடினால் ஆட்டம்தான்.

இப்போது பெட்ரோல் உட்பட எல்லாம் ஏற்றிய பிறகு, சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறேன். உடல் எடை பார்க்கும் மெஷின்மேல் மரத்துண்டு நிறுத்தி, டிரெய்லரின் முன்முனையை, காரில் மாட்டும் அதே உயரத்தில், அதன்மேல் இறக்குகிறேன். மொத்தம் 1,000 கிலோ என்றால் முனையில் 70 முதல் 100 கிலோ இருக்கட்டும். கார் கையேட்டின் வரம்பைத் தாண்டக் கூடாது. குறைந்தால் சாமானை முன்னே நகர்த்துங்கள். போதவில்லையா, வின்ச் (படகை டிரெய்லர்மேல் இழுத்துப் பிடிக்கும் சுழல் கருவி) நிற்கும் தூணை நகர்த்திப் படகையே முன்னே கொண்டுவாருங்கள். அதிகமானால் காரின் பின்புறம் அமுங்கி ஸ்டியரிங் லேசாகிவிடும்.

அப்புறம், டிரெய்லரைக் காரோடு பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். படகின் பின்பக்கத்தையும் பட்டையால் இறுக்குங்கள். வின்ச் பட்டை மட்டும் போதவே போதாது.