கால் நடுங்குகிறவர்களுக்கு ஒரு முதல் கார்

என்னுடைய முதல் கார் ஒரு பழைய நிசான் சன்னி. சொந்தக்காரர் ஒருவர், "இஞ்சின் சிங்கம் மாதிரி" என்று சொல்லித் தந்தார். பொய் இல்லை, இஞ்சின் நல்லதுதான். ஆனால் அதன் பின்பக்கம் எங்கே முடிகிறது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மூன்றாம் நாள் வளவுக்குள் றிவேர்ஸ் எடுக்கும்போது கிணற்றுக்கட்டில் போய் முட்டினேன். அப்புறம் இரண்டு மாதம் கார் தறப்பாளுக்குள், நான் பஸ்ஸுக்குள்.

அதை விற்று ஒரு சுசுகி ஆல்டோ வாங்கினேன். நாற்பது வயதில் எல் போர்ட், அதாவது கார் பழகுகிறவர்கள் மாட்டும் பலகை, கட்டியவள் நான். என்னைப் போல ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வியர்க்கிறவர்கள் நம் மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

படி 1: பயத்தைத் தாளில் எழுதுங்கள்

ஓட்டுநர் பாடசாலைக் காரில் ஐந்தாறு நாள் ஓடிய பிறகு, எது பயம் காட்டுகிறது என்று எழுதுங்கள். என் தாளில் மூன்று இருந்தன: கிளட்ச் விடும்போது கார் நின்றுபோவது, பின்னால் தெரியாதது, கல்முனைக் கடைத்தெருவில் பஸ் ஒட்டி உரசிக்கொண்டு போவது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: சின்னக் கார், இலகுவான கிளட்ச், நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிகிற உடம்பு. சன்னி வாங்கும்போது இந்தத் தாள் என்னிடம் இருந்திருந்தால் கிணற்றுக்கட்டு தப்பியிருக்கும்.

படி 2: காசு முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள்

2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிப்போனதால், "மலிவு" என்ற சொல்லுக்கே இங்கே வேறு அர்த்தம். கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள் என்பது என் கணக்கு. டயர், பற்றரி, காப்புறுதி, பெயர் மாற்றம் எல்லாம் வாங்கிய முதல் மாதத்திலேயே வரிசையில் வந்து நிற்கும்.

படி 3: கியரா, ஒட்டோவா?

முச்சக்கர ஓட்டோவைச் சொல்லவில்லை, ஒட்டோ கியரைச் சொல்கிறேன். பயந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான், கிளட்ச் என்ற தொல்லையே இல்லை. ஆனால் மலிவாக வரும் பழைய ஒட்டோ கியர் பெட்டி பழுதானால் செலவு காரின் விலையில் பெரிய துண்டைத் தின்றுவிடும். பழைய டொயோட்டா விட்ஸ் ஒன்று நல்ல நிலையில் உங்கள் கைக்கு எட்டினால் ஒட்டோவே வாங்குங்கள். எட்டாவிட்டால் இலகுவான கிளட்ச் உள்ள கியர் கார் போதும். நம் கரையோரம் சமதரை. மேட்டில் நிறுத்திக் கிளப்பும் வித்தை பாலம் வந்தால்தான் தேவைப்படும்.

கியர் கார்களில் மாருதி 800, ஆல்டோ, பெரோடுவா விவா எலைட் மூன்றையும் தேடிப் பாருங்கள். மாருதி 800-உம் சாதாரண இந்திய ஆல்டோவும் 796 சிசி இஞ்சின். உதிரிப்பாகம் கிடைப்பதும் வேலை தெரிந்த கராஜ் கிடைப்பதும் சுலபம். டாட்டா நானோ இன்னும் மலிவு, ஆனால் இஞ்சின் பின்னால் இருக்கிற அந்தக் காரோடு என் மனம் ஒட்டவில்லை. இது ருசி விஷயம்.

படி 4: மெக்கானிக்குக்கு முன் நீங்கள் ஏறி உட்காருங்கள்

பலர் இதைச் செய்வதில்லை. கணவரோ தம்பியோ ஓட்டிப் பார்த்து "சரி" என்பார். ஓட்டப்போவது அவர் இல்லையே.

சீட்டை முன்னுக்கு இழுத்து, கிளட்சை அடிவரை மிதியுங்கள். முதுகு சீட்டை விட்டு எழும்பினால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை, அல்லது முதுகுக்கு ஒரு தலையணை வேண்டும். பொனட்டின் விளிம்பு கொஞ்சமாவது தெரிகிறதா பாருங்கள்.

அடுத்தது கதிரைச் சோதனை. வீட்டுப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் காருக்குப் பின்னால் வைத்து, உள்ளே உட்கார்ந்து பின்கண்ணாடியால் பாருங்கள். ஒருவரைக் கொண்டு கதிரையை மெல்ல மெல்லக் காரை நோக்கி நகர்த்தச் சொல்லுங்கள். கதிரையின் தலை எங்கே மறைகிறதோ, அந்தத் தூரம்தான் உங்கள் கண்ணுக்கு எட்டாத இடம். சன்னியில் கதிரை வெகு தூரத்திலேயே காணாமல் போனது. ஆல்டோவில் டிக்கிக்குக் கிட்ட வரும்வரை தெரிந்தது. விற்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

படி 5: உப்பும் வெள்ளமும்

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்று தகரத்தைத் தின்னும். கதவுகளின் அடி விளிம்பு, கால்மிதிக்குக் கீழே, உபரிச் சில்லு வைக்கும் பள்ளம், இந்த மூன்றையும் கட்டாயம் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வெளித்தகட்டில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் புட்டி பூசியிருக்கிறார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும் ஊர் நம்முடையது. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி வாசனை அடித்துக் கொண்டு வருவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண்கறை தெரிந்தால் புறப்பட்டுவிடுங்கள்.

இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். போன உடன் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஒயில் மூடியின் உட்புறம் பால்கட்டி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கிளட்சுக்கு ஒரு சோதனை: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. என் மெக்கானிக் அண்ணன், "டீச்சர், கார் நிற்கிறதைப் பார்த்துச் சந்தோசப்படுற ஒரே இடம் இதுதான்" என்று சிரித்தார்.

படி 6: புத்தகம்

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்காதீர்கள். செசி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைச் சான்றிதழும் எப்போது முடிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"ஓப்பின் பேப்பரில் இருக்கட்டும், பிறகு மாற்றலாம்" என்றால், அதாவது கையெழுத்திட்ட தாளை மட்டும் தந்து பெயரை மாற்றாமல் விடச் சொன்னால், தலையாட்டாதீர்கள். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் இரண்டு பேருக்கும் தலைவலி. காப்புறுதிக்காரரிடமும் ஒரு கேள்வி: எல் போர்ட்டோடு ஓட்டும்போது விபத்து நடந்தால் இழப்பீடு உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படி 7: முதல் வாரம்

முன்னும் பின்னும் எல் போர்ட், பக்கத்தில் லைசன்ஸ் உள்ள ஒருவர். கத்தாத ஒருவர். காலை ஐந்தரைக்குக் கல்லடிக் கடற்கரை வீதி எனக்குத் தோதாக இருந்தது, மீன்காரரின் சைக்கிளைத் தவிர வேறு அவசரம் இல்லை. மாலை மங்கினால் எடுக்காதீர்கள். மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும், ஹோர்னுக்கு அசையாது.

வீட்டில் றிவேர்ஸ் பழகக் கிணற்றுக்கட்டுக்கு முன்னால் அதே பிளாஸ்டிக் கதிரையை வைத்தேன். இதுவரை இரண்டு கதிரை உடைந்திருக்கிறது. கிணறு பத்திரம்.