வாந்தி பேதியா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மும்பையில் மழை பிடித்துவிட்டால் தாராவியில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து ரூம் எடுத்திருக்கும் பையன்களும் தலைப்பிள்ளைக்காரிகளும் வருஷா வருஷம் செய்கிறதை மட்டும் சொல்கிறேன்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை டம்ளரில் கொட்டுவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை. "குடுத்துட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர், துப்புறான். போறதும் நிக்கல." எதில் கரைத்தாய் என்றேன். கூடையிலிருந்து சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினாள். விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. பெரிய பாக்கெட் முழுசும் அதில்தான். "கெட்டியா இருந்தா தெம்புதானே?"

தெம்பில்லை தாயி, ஆபத்து. அந்தப் பாக்கெட் 1 லிட்டருக்கு. உப்பும் சர்க்கரையும் அளவாக இருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். மிஞ்சினால் உடம்பிலிருக்கிற நீரும் குடலுக்கு இறங்கிப் பேதி கூடும். ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பே வரலாம். 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலராவோடு மல்லுக்கட்டிய டாக்டர் திலீப் மஹலனாபிஸின் ஆட்களே உப்பையும் சர்க்கரையும் நிறுத்துத்தான் பொட்டலம் கட்டினார்கள். நாம் கண்ணளவில் கொட்டுகிறோம்!

1 லிட்டர் தண்ணீர் பாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதுதான் அளவு. டம்ளரில்தான் கரைப்பேன் என்றால் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டை வாங்குங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வாந்தி எடுத்த கையோடு மடக் மடக்கென்று குடிப்பது

பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக.

கூல்டிரிங்க்ஸ், டப்பா ஜூஸ்

சர்க்கரைத் தண்ணீர். பேதியைக் கூட்டும். அந்த மாதிரி பானங்களின் லேபிளில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டது.

"ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க"

வைரஸுக்கு அது கேட்காது.

பேதியை நிறுத்தும் மாத்திரை

குழந்தைக்குக் கூடவே கூடாது. டாக்டர் எழுதித்தரும் ஜிங்க் (துத்தநாகம்) வேறு. பேதி நின்றாலும் சொன்ன நாள் வரை அதைக் கொடுக்கணும்.

பட்டினி

கஞ்சி, இட்லி, தயிர்சாதம், எது இறங்குகிறதோ அது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

நின்றதும் அடுப்படிக்குப் போவது

மெஸ் அண்ணன்மாருக்குத்தான் இது. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் கரண்டியைத் தொடாதீர்கள். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸிடம் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புதான். ரெண்டு நாள் கூலி போகிறதே என்று முனகுவார்கள், புரிகிறது. ஆனால் அதற்குள் மாவில் கைவைத்தால் மறுநாள் மெஸ்ஸில் சாப்பிட்ட அத்தனை பேரும் என் கிளினிக் பெஞ்சில் இருப்பார்கள்.

"நாளைக்குப் பார்க்கலாம்"

மலத்தில் ரத்தம், கண் குழிவிழுவது, ஆறெட்டு மணி நேரமாக மூத்திரம் போகாதது, எழுப்பினாலும் துவண்டு விழுவது. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.