குழந்தைக்கு டீயில் பன் நனைத்துக் கொடுக்காதீர்கள்

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆயா, ஒன்றரை வயதுப் பேரனுக்குப் பன்னை டீயில் முக்கி முக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். பாசத்தில்தான். ஆனால் பிள்ளையின் கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது, அது ரத்தசோகையின் அடையாளம். டீயில் இருக்கும் டேனின் என்கிற துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு டீ வேண்டவே வேண்டாம்.

தாய் வயிற்றில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதம்தான் தாங்கும். அதற்கப்புறமும் பாலையும் ரசம் சாதத்தையும் மட்டுமே கொடுத்தால் ரத்தம் எப்படி ஊறும்?

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. அதை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்துக் கூழாகக் காய்ச்சுங்கள். முளைகட்டினால் இரும்புச்சத்து இன்னும் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையை மசித்துப் பருப்புச் சாதத்தில் பிசைந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், அந்தப் புளிப்பில் இருக்கும் வைட்டமின் சிதான் கீரையின் இரும்பை உள்ளே இழுக்கும். அசைவ வீடென்றால் நன்றாக வெந்த ஈரலை எப்போதாவது கொஞ்சம் மசித்துக் கொடுக்கலாம்.

அப்புறம், 6 மாதம் முதல் 5 வயது வரை அரசு தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இருமுறை 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது சகஜம். பிள்ளை மண் தின்றாலோ, விளையாடாமல் சோர்ந்து கிடந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.