ஜாக் ஜான்சனையும் டைசன் ஃப்யூரியையும் கற்பனையில் மோதவிடும் முன்

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்குவாதம் வராமல் போகாது: அந்தக் கால ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்கள் இன்றைய ரிங்கில் தாக்குப்பிடிப்பார்களா? ஒருவர் எடையைச் சொல்லியே கதையை முடித்துவிடுவார். 1897-இல் ஜேம்ஸ் கார்பெட்டை வீழ்த்திப் பட்டம் வென்ற பாப் ஃபிட்ஸிம்மன்ஸ் 76 கிலோதான். நம் காலத்துச் சாம்பியன் டைசன் ஃப்யூரி 120 கிலோவை ஒட்டியவர். அப்புறம் பேச என்ன இருக்கிறது என்பார்.

நிறைய இருக்கிறது. எடைக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. அதே ஃபிட்ஸிம்மன்ஸை 1899-இல் 93 கிலோ ஜிம் ஜெஃப்ரீஸ் 11-ஆவது ரவுண்டில் சாய்த்தார். 1902-இல் மறுபடி மோதியபோது ஜெஃப்ரீஸின் முகத்தைக் கிழித்தெடுத்தும் ஃபிட்ஸிம்மன்ஸால் ஜெயிக்க முடியவில்லை. ஆனால் 1934-இல் 95 கிலோ மேக்ஸ் பேர், 119 கிலோ பிரீமோ கார்னேராவைப் பத்துத் தடவைக்கு மேல் தரையில் உருட்டினார். 2024-இல் உக்ரைன் வீரர் உசிக் தன்னைவிடப் பதினைந்து கிலோவுக்கு மேல் கனமான ஃப்யூரியை வென்றார். என் கணக்கில் 76 கிலோ ஆளுக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. 90-ஐத் தாண்டிய, வேகமான ஆளை எடையைக் காட்டி மட்டும் ஒதுக்க முடியாது. இன்னொன்று: இன்று 90.7 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஹெவிவெயிட். அதற்குக் கீழே குரூஸர்வெயிட் என்ற பிரிவு 1980-ஐ ஒட்டித்தான் வந்தது. 1950-களின் ஹெவிவெயிட் சாம்பியன், சுமார் 84 கிலோ ராக்கி மார்சியானோவுக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு பிரிவே கிடையாது.

சிறிய ஆள் பெரிய ஆளை அடிக்க முடியும் என்பதற்கு எல்லோரும் முதலில் எடுத்துப்போடும் சாட்சி, 1919 ஜூலை 4, அமெரிக்காவின் டொலீடோ நகரில் நடந்த போட்டி. 85 கிலோ ஜாக் டெம்ப்ஸி, அன்றைய சாம்பியனான 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். படச்சுருளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வில்லார்ட் கயிற்றைப் பிடித்துப் பாதி எழும்போதே டெம்ப்ஸி பக்கத்தில் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார்; முழுதாக நிமிரும் முன்பே அடுத்த குத்து விழுகிறது. அன்றைக்கு அது தப்பில்லை. எதிராளி விழுந்தால் இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி பின்னால் வந்தது. 1927-இல் சிகாகோவில் அதே டெம்ப்ஸி மூலைக்குப் போகத் தாமதித்ததால், விழுந்தவருக்கு நடுவர் பத்துவரை எண்ணும் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது, ஜீன் டன்னிக்குக் கூடுதலாகச் சில வினாடிகள் கிடைத்தன, டன்னி எழுந்து ஜெயித்தார். அந்த விதி டொலீடோவில் இருந்திருந்தால் வில்லார்ட் ஏழு தடவை விழுந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். போதாததற்கு வில்லார்டுக்கு அப்போது 37 வயது. 1916-க்குப் பிறகு பட்டத்துக்காக அவர் ரிங் ஏறவே இல்லை.

படச்சுருள் என்றதும் அடுத்த தவறு. ‘கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள், இது ஒரு ஆட்டமா’ என்பார்கள். கையால் சுழற்றி எடுத்த படம், தவறான வேகத்தில் ஓடினால் யாருமே கோமாளிதான். அதோடு 1915-இல் ஹவானாவில் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் வில்லார்டோடு மோதியபோது ஒப்பந்தம் 45 ரவுண்டு. முடிந்தது 26-இல். 45 ரவுண்டு நிற்க வேண்டியவன் முதல் ரவுண்டிலேயே துள்ளிக் குதிப்பானா? எதிராளி மேல் சாய்ந்து, அவன் கையை மடக்கி, களைக்கவைத்து அடிப்பதுதான் ஜான்சனின் வித்தை. கையுறையும் வேறு. கார்பெட் 1892-இல் ஜான் எல். சல்லிவனை வென்றது 5 அவுன்ஸ் கையுறையில். இன்று ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ். முகத்தை மறைத்துக்கொள்ள அன்றைய சின்னக் கையுறை உதவாது. அதனால் 12 ரவுண்டா, 45-ஆ, எந்தக் கையுறை என்று முடிவு செய்யாமல் யார் ஜெயிப்பார் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ரவுண்டு எண்ணிக்கையை வைத்து மறுபக்கம் அளப்பவர்களும் உண்டு. 1889-இல் சல்லிவன், ஜேக் கில்ரெய்னோடு வெறுங்கையால் 75 ரவுண்டு போட்டார் என்று கேட்டதும் வாய் பிளப்பார்கள். அன்றைய வெறுங்கைச் சண்டை விதிப்படி ஒருவர் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது, சில வினாடியிலும் முடியலாம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றார்கள். அதுவே பெரிய விஷயம். இன்றைய ரவுண்டு மூன்று நிமிடம் என்பதற்காக 75-ஐ மூன்றால் பெருக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, சாம்பியன் பட்டியலையே அந்தக் காலத்தின் சிறந்தவர்கள் பட்டியலாக எடுத்துக்கொள்வது. நிறவெறி பலரைப் பட்டப் போட்டிக்கு அருகிலேயே விடவில்லை. ஜான்சனும் பட்டம் கையில் வந்த பிறகு இன்னொரு கறுப்பின வீரரான சாம் லாங்ஃபோர்டோடு மோதவில்லை. கறுப்பின வீரர் ஹாரி வில்ஸ் எவ்வளவோ காத்திருந்தும் டெம்ப்ஸியோடு அவருக்குப் போட்டி அமையவில்லை. அந்த வில்ஸ் ஆறடிக்கு மேல் உயரம். அவரை நாக் அவுட் செய்திருக்கும் லாங்ஃபோர்டு ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தால் அதிகம்.