பம்ப் வாங்கும் முன் எழுத வேண்டிய தாள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு பம்ப், பைப்லைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் தாள்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: 'ஓடையிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற நல்ல பம்ப் வேண்டும்.' நல்ல என்றால் கோயமுத்தூர் கடைக்காரருக்கு ஒன்று, தோட்டத்து மேஸ்திரிக்கு வேறொன்று. அந்தச் சொல்லை அடித்துவிட்டு எண்ணை எழுதுங்கள்: மணிக்கு 5,000 லிட்டர், ஏப்ரல் மாத நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை செங்குத்தாக 60 மீட்டர், பைப் நீளம் 240 மீட்டர். உயரமும் நீளமும் தனித்தனி. சரிவில் இரண்டையும் குழப்பாதவர் குறைவு.

எல்லாவற்றுக்கும் முதல் வரியாக, பம்ப் ஓடப்போகும் இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். மலையில் இதை விட்டால் காசு தண்டம். உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீரைப் பம்ப் வரை தள்ளுவது காற்றழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது அதிகபட்சம் சுமார் 10.3 மீட்டர் தள்ளும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது 8 மீட்டருக்கும் குறைவு. சமவெளியில் 7 மீட்டர் பள்ளத்திலிருந்து இழுத்த பம்ப் இங்கே 5 மீட்டருக்கே திணறும். பம்பில் கோளாறு இல்லை, தாளில்தான். டர்போ இல்லாத டீசல் ஜெனரேட்டருக்கும் இதே கதை. காற்று மெலிந்தால் சக்தியும் குறையும்.

இடத்தைக் கணக்கில் கொண்ட வேலை பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி பக்கத்து முத்தோரைக்குப் போங்கள். 1970-இல் முடிந்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு தேடியது வெறும் மேட்டை அல்ல. வடக்கு-தெற்காகச் சுமார் 11 பாகை சரியும் மலையை. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் சுழற்றி வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

போன வருஷத் தாளை நகல் எடுத்துப் பேரை மட்டும் மாற்றுவது இங்கே பழக்கம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 வினாடியில் சிதறியதற்கு வேர் அதுதான். பழைய ஏரியன் 4-இன் வழிகாட்டும் கருவிக்கு எழுதிய மென்பொருளை அப்படியே வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை விவரம் அந்தக் கருவிக்கான தேவைகளில் சேரவே இல்லை. பழைய தாளை எடுத்தால் ஒவ்வொரு எண்ணையும் புது இடத்தில் மறுபடி அளந்து போடுங்கள்.

எழுதிவிட்டால் மட்டும் போதாது. 1999-இல் தொலைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலத்துக்கு, விசையை அளக்க மெட்ரிக் முறையின் நியூட்டன் அலகு என்று தாளில் தெளிவாகவே இருந்தது. மென்பொருள் பவுண்டில் கணக்குக் கொடுத்தது, யாரும் சோதிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் கீழே சோதனையையும் எழுதுங்கள்: '10,000 லிட்டர் தொட்டி 2 மணி நேரத்தில் நிரம்ப வேண்டும், மேஸ்திரி முன்னால் கடிகாரம் வைத்துப் பார்க்கப்படும், அதன்பின் கடைசித் தவணை.' பிரஷர் கேஜ் அழுத்தத்தைக் காட்டுவது கிலோவிலா (சதுர சென்டிமீட்டருக்கு) பிஎஸ்ஐயிலா (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட்) என்பதையும் சேருங்கள்.

நடுவில் எஸ்டேட் ரைட்டர் போனில் ஒரு மாற்றம் சொல்லுவார். அதையும் தாளில் ஏற்றி, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, பழைய நகல்களில் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள்.