பிரேக் ஆயில்: மலை இறக்கத்துக்கு எது, ரேஸ் டிராக்குக்கு எது?

மாஞ்சோலையிலிருந்து இறங்கி, "பிரேக் பிடிக்கவில்லை அண்ணாச்சி" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பெடல் கல்லாக இருந்ததா, உள்ளே போனதா? பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் (சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) சூடு தாங்காமல் பிடிப்பை இழந்திருக்கிறது. மிதிக்க மிதிக்கப் பெடல் தரையைத் தொட்டது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பேட் மாற்ற வேண்டிய வண்டிக்கு ஆயிலும், ஆயில் மாற்ற வேண்டிய வண்டிக்குப் பேடும் மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் நிறைய உண்டு. இங்கே சொல்லப்போவது இரண்டாவது நோயைப் பற்றி.

திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் காலின் அழுத்தம் மெல்லிய குழாய் வழியாக அப்படியே, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனுக்குப் போய்ச் சேருகிறது. திரவம் கொதித்து ஆவியானால் கதை மாறிவிடும். ஆவி சுருங்கும். நாம் மிதிப்பதெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், பேடுக்கு எதுவும் மிஞ்சாது. கால் அழுத்திக்கொண்டிருக்கும்வரை குழாய்க்குள் அழுத்தம் அதிகம், கொதிநிலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும். காலை எடுத்ததும் அழுத்தம் இறங்கும், அந்த நொடியில் திரவம் ஆவியாகும். முந்தின வளைவில் ஒழுங்காகப் பிடித்த பிரேக் அடுத்த வளைவில் இல்லாமல் போவது இதனால்தான். முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வனத்துறை அனுமதி வாங்கி மேலே போனவர்கள், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பிரேக்கிலேயே இறங்கி வந்து, மணிமுத்தாற்றில் வண்டியை நிறுத்துவார்கள். ஓடும்போது சக்கரத்தில் காற்றுப் பட்டுக்கொண்டிருந்தது. நின்றதும் காற்று நின்றுவிடும். தகித்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குள் ஏறும். டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் பெடல் உள்ளே போகும். ஆகவே இறக்கத்தின் கடைசிப் பகுதியை இரண்டாவது கியரில், காலைப் பிரேக்கில் வைக்காமல் ஓட்டி வாருங்கள். நிறுத்திவிட்டு மீண்டும் கிளம்பும்போது, நகர்வதற்கு முன்பே ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.

நல்ல ஆயில் இவ்வளவு எளிதில் கொதிக்காது. அதைக் கெடுப்பது தண்ணீர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் அப்பளத்தை ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் எப்படி நமத்துப்போகுமோ அப்படித்தான் இதுவும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், பிரேக் ஆயில் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். எஞ்சின் ஆயில் ஓட்டத்தில் கெடும், இது காலத்தில் கெடும். துபாயில் வேலை பார்க்கும் மகன் விட்டுச்சென்ற கார், வீட்டில் உறை போட்டு நின்றாலும் அதன் பிரேக் ஆயிலுக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். "ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் தரும் பதில் இதுதான்.

பாட்டிலில் உள்ள டாட் எண் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக்குறியீடு. புதிய ஆயிலின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. இதை உலர் கொதிநிலை என்பார்கள். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அளப்பது ஈரக் கொதிநிலை. அது முறையே 140, 155, 180 டிகிரி. எவ்வளவு சரிகிறது பாருங்கள். பழசாகிப்போன டாட் 4, புத்தம் புதிய டாட் 3-ஐவிட மோசம். கடையில் எல்லோரும் முதல் எண்ணைத்தான் பார்த்து வாங்குகிறார்கள். தினமும் ஓடும் வண்டிக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், ஏனென்றால் மாற்றிய மறுநாளிலிருந்து உங்கள் ஆயில் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி என்று ஓடும் வண்டிக்கு என் தேர்வு: பெயர் தெரிந்த நிறுவனத்தின் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும். மூடியில் டாட் 3 என்று அச்சிட்டிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 என்று இருந்தால் டாட் 3-க்கு இறங்கக் கூடாது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு அடிக்கடி பாரம் ஏற்றிப் போகிறவர்களும், உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்க்காரர்களும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி நின்ற கார்களுக்குக் காலக்கணக்கே கிடையாது. எஞ்சினை மட்டும் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருந்தால், பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வண்டி வழுக்கித் திரும்பாமல் காக்கும் ஈஎஸ்பி உள்ள புதிய கார்களில் கொதிநிலை மட்டும் பார்த்தால் போதாது. அவற்றின் வால்வுகள் நொடிக்குப் பல முறை திறந்து மூடுவதால், ஆயில் இளக்கமாக ஓட வேண்டும். அத்தகைய வண்டிகள் சிலவற்றுக்குக் குறைந்த பாகுத்தன்மை கொண்ட டாட் 4-ஐக் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். பாட்டிலில் 'கிளாஸ் 6' என்று இருக்கும். அதையே வாங்குங்கள்.

டாட் 5 என்று ஊதா நிறத்தில் ஒன்று உண்டு. அது சிலிக்கோன். மற்றவற்றோடு சேராது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது. 5.1-ஐவிட எண் சிறியது, விலை குறைவாக இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஆபத்துக்கு டாட் 3, 4, 5.1 மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கலாம். ஆனால் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்து, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் கழற்ற நேரிடும்.

இனி டிராக். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. பாளையங்கோட்டையிலிருந்து தன் சிறிய காரை ஓட்டிக்கொண்டு அங்கே போகும் தம்பி ஒருவர் என்னிடம்தான் வண்டி விடுகிறார். நேர்ப்பாதையின் முடிவில் முழு வேகத்திலிருந்து பிடித்து, ஒரு நிமிடம் ஆவதற்குள் மறுபடி பிடித்து என்று சுற்றுச்சுற்றாக ஓடும்போது ஏறும் சூட்டுக்கு மலை இறக்கம் ஈடாகாது. அங்கே உலர் கொதிநிலை 300-ஐத் தாண்டிய ரேஸ் ஆயில் வேண்டும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600-க்கு அது 312 டிகிரி.

"அதையே வருடம் முழுவதும் வைத்துக்கொண்டால் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார் அந்தத் தம்பி. காசுக்குக் கேடு என்றேன். ஈரம் ஏற ஏற அந்த 312 அங்கே இருக்காது. நீங்கள் பணம் கொடுத்தது அந்த முதல் எண்ணுக்கு, அதை நடுத்தெருவில் கரைப்பானேன்? டிராக்குக்குப் போவதற்கு முந்தின வாரம் மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைதான் போவீர்கள், அதுவும் நிதானமாகத்தான் ஓட்டுவீர்கள் என்றால் புதிய டாட் 5.1 போதும்.

ஆயில் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தேய்ந்த பேடோடு போகாதீர்கள். பேட் மெலிந்தால் பிஸ்டனுக்குச் சூடு சீக்கிரம் ஏறும். ஓட்டம் முடிந்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் போட்டுக் கட்டை வையுங்கள். இடையில் ஒருமுறை பெடல் உள்ளே போனால் அன்றைய ஓட்டம் முடிந்தது. ஆறியபின் பெடல் பழையபடி வரும், அதை நம்பக் கூடாது. நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்த (ஆயிலில் சேர்ந்த குமிழ்களை வெளியேற்றிய) பிறகுதான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்காக ஸ்பேனர், டியூப், திறக்காத பாட்டில் ஒன்று ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். காருக்கு ஒரு லிட்டர் வாங்குங்கள். அரை லிட்டர் பெரும்பாலும் பாதியில் கையை விரிக்கும். மழை இல்லாத நாளாகப் பாருங்கள். முந்தின நாளே, நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். கடலோர வண்டி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது. நிப்பிள் உள்ளே துளையுள்ளது, முறுக்கினால் முறியும். ஓபன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், ரிங் ஸ்பேனர்தான் சரி. சம தளத்தில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றுங்கள்.

முதலில் ஆயில் டேங்கின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். புதியதை ஊற்றுங்கள். அழுக்கு ஆயிலைக் குழாய் முழுக்க ஓட்டி வெளியேற்றுவதைவிட இது லாபம். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலப்பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள்.

நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். எங்கள் பட்டறையில் நிப்பிளில் இருப்பவர் "மிதி" என்பார். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து, "பிடித்திருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் நிப்பிளைத் திறக்கக் கூடாது. நிப்பிளைக் கால்வாசிச் சுற்றுத் திறந்தால் கருத்த ஆயில் டியூபில் ஓடும், சில சமயம் நடுவே குமிழ்கள் வரும். நிப்பிளை மூடிய பிறகே "விடு". மூடும் முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். வெளிர் மஞ்சளாக, குமிழ் இல்லாமல் வரும்வரை இதையே செய்யுங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் சீல் இதுவரை போகாத இடத்தில் துரு இருக்கும், அதில் உரசிச் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் கவலை இல்லை.

சில மிதிகளுக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். அது காலியாகிக் காற்று இழுத்தால், பல ஏபிஎஸ் வண்டிகளுக்குக் கணினி ஸ்கேனர் போட்டுத்தான் வால்வுகளிலிருந்து காற்றை எடுக்க முடியும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பைக்கில் ஹேண்டில்பாரிலுள்ள பிரேக் ஆயில் டப்பா பெட்ரோல் டேங்கை ஒட்டியே இருப்பதால், வேலைக்கு முன் ஈரத்துணி போர்த்திவிடுவது உத்தமம். மற்றபடி பைக்குக்கும் இதே முறைதான், காலுக்குப் பதில் கை.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கக் கூடாது. நிப்பிள்களில் கசிவு பார்த்து, ரப்பர் மூடிகளை மாட்டுங்கள். முதல் சோதனை ஓட்டம் வாசலிலேயே, நடைவேகத்தில். மிச்ச ஆயிலை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், திறந்த பாட்டில் ஈரம் இழுத்துவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது தாமிரபரணிக்குத்தான் போகும், மூடிய டப்பாவில் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஆயில் டேங்கின் மேல் ஒட்டுங்கள். பிறகு எப்போதாவது அளவு குறைந்திருப்பதைக் கண்டால், ஊற்றுவதற்கு முன் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.