ஆங்கில விலங்குப் பெயர்கள் வேறு பொருளில் வரும்போது பொருள் காண்பது எப்படி?

ஆங்கிலத்தில் படிக்கும்போது, விலங்குக்கு இடமே இல்லாத ஒரு வாக்கியத்தில் விலங்கின் பெயர் வந்தால், அது அங்கே பெயரா வினையா என்பதை முதலில் பாருங்கள். வினையானால், அவ்விலங்கின் எந்தக் குணம் செயலாக மாறியிருக்கிறது என்று கேட்டாலே பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்: நாயைக் குறிக்கும் 'டாக்' வினையானால் விடாமல் பின்தொடர்வது, ஓநாயைக் குறிக்கும் 'உல்ஃப்' வினையானால் அள்ளி விழுங்குவது. வளை தோண்டி வாழும் சிறு விலங்காகிய 'பேட்ஜர்' மட்டும் ஏமாற்றும். ஓயாமல் நச்சரிப்பது என்பது அதன் பொருள். ஆனால் நச்சரித்தது அந்த விலங்கன்று, நாய்களை ஏவி அதைக் குதறவிட்ட பழைய கொடிய விளையாட்டில் துன்பப்பட்டதே அதுதான்.

பெயராகவே நின்றால் உருவ ஒற்றுமையைத் தேடுங்கள். பாரம் தூக்கும் 'கிரேன்' நீண்ட கழுத்துள்ள கொக்கினப் பறவையின் பெயரைப் பெற்றதும், 1960களில் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு உருவாக்கிய கணினிக் கருவி, வால் போன்ற கம்பியோடு இருந்ததால் 'மவுஸ்' ஆனதும் இவ்வகை. துப்பாக்கியின் விசைக்குக் குதிரை என்று பெயர் வைத்த நமக்கு இது புதிதன்று.

இவ்விரண்டு வழியிலும் பொருள் கிடைக்காதபோதுதான் பலர் இல்லாத தொடர்பைக் கற்பித்துக்கொள்கிறார்கள். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதையே. கரடியைக் குறிக்கும் 'பேர்' வேறு, சுமத்தலையும் பொறுத்தலையும் குறிக்கும் 'பேர்' வேறு. கடல்நாயாகிய 'சீல்' பழைய ஆங்கிலச் சொல், முத்திரையாகிய 'சீல்' லத்தீனிலிருந்து வந்தது. ஒலியும் எழுத்தும் தற்செயலாக ஒன்றிய இத்தகைய சொற்களை நல்ல அகராதிகள் எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொற்களாகத் தரும் என்பதால், அந்தச் சிறிய எண்ணைப் பார்க்காமல் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். 'டக்' இவற்றிலிருந்து வேறுபட்டது: அங்கே தொடர்பு உண்டு, ஆனால் திசை தலைகீழ். நீரில் முங்குவதைக் குறித்த சொல்லிலிருந்தே வாத்துக்குப் பெயர் வந்தது.

பழைய நூல்களைப் படிப்பவர் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்று மானை மட்டும் குறிக்கும் 'டியர்' முன்பு எந்த விலங்கையும் குறித்தது. ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் எலிகளைக்கூட 'சிறிய டியர்' வகையில் சேர்த்துச் சொல்லும் இடம் உண்டு. விலங்கு என்று நாம் பொதுவாக வழங்கும் 'மிருகம்' வடமொழியில் மானையும் குறிக்கும். மான்தலை என்று பொருள்படும் மிருகசீரிடம் என்ற விண்மீன் பெயரில் அப்பொருள் இன்றும் இருக்கிறது.